சொட்டக் கூடாது

பழைய வேனுக்கு நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, காலையிலிருந்து அதன் அடியில் மல்லாந்து கிடந்தான் ராய்ஸ். மிச்சிகனில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு, அவன் ஸ்பேனரைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

அவன் மனைவி மார்லிஸ் காப்பியோடு வந்து குனிந்தாள்.

“இந்தக் குளிர்ல இது தேவையா? எப்பவும் போல ஒரு டப்பா ஆயிலை ஊத்திட்டு ஓட்ட வேண்டியதுதானே?”

“ஊத்த ஊத்த ஒழுகுது. இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் சம்ப்பையே கழட்டிட்டேன். பழைய பசையைச் சுத்தமா சுரண்டிட்டுப் புதுசு போட்டு ஒட்டினாத்தான் நிக்கும்.”

“எங்க கிளம்பிட்ட? வெயில் காய ஃப்ளோரிடாவுக்கா?”

“எங்கயும் போகல.”

“போகாத வண்டிக்கா இத்தனை வைத்தியம்? சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு ஒரு மாசமா கத்துறேன். அதைப் பார்க்க ஆளில்லை!”

சுரண்டும் சத்தம் நின்றது.

“அந்தக் குழாய் இனிமே பேங்க்கோட கவலை, மார்லிஸ். கடன் கட்டலைன்னு திங்கக்கிழமை வந்து வீட்டைப் பூட்டிடுவாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்.”

அவள் காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

“பெரிய கடை வாசல்ல ராத்திரி வண்டி நிறுத்த விடுறாங்க. ஆனா தரையில எண்ணெய் சொட்டினா காவலாளி விரட்டிடுவான். அப்புறம் பிள்ளைங்களை எங்க தூங்க வைக்கிறது?”

மார்லிஸ் சில்லிட்ட தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் பிள்ளைகள் டிவி பார்த்துச் சிரிப்பது கேட்டது. அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். வேனுக்கு அடியில் அவன் மறுபடி சுரண்ட ஆரம்பித்திருந்தான்.

கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

“பின் சீட்டு முழுசா மடியுமா, ராய்ஸ்?”