தூரத்துக் காலேஜ்

ஸ்ரீரஞ்சனி படிக்கும்போது அம்மா ரமா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பேங்க் வேலை முடிந்ததும் நேராக பெங்களூர் அல்சூரில் இருக்கும் டியூஷன் வாசலில் வந்து நிற்பாள். தோழிகள் போன் செய்தால்கூட அவள்தான் முதலில் எடுப்பாள்.

ப்ளஸ் டூ மாதிரியான பி.யு.சி. முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரஞ்சனி, தான் அப்ளை பண்ணப்போகும் ஊர்களைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"புனே, டெல்லி, கௌஹாத்தி. அப்புறம் இமயமலைப் பக்கம் ஒரு காலேஜ்."

"பெங்களூர்ல ஒண்ணுமே வேணாமாடி?"

"அங்கெல்லாம்தாம்மா கோர்ஸ் நல்லாருக்கு."

ரமா போனில் எதையோ தேடினாள். "அந்த மலைக் காலேஜ் மட்டும் வேணாம். மத்ததுக்கெல்லாம் போட்டுடு."

ரஞ்சனியால் நம்ப முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, குளிரா?" என்றாள்.

"குளிர் கெடக்கட்டும். அந்த ஊர்ல எங்க பேங்குக்கு பிராஞ்சே இல்ல. நான் எப்படி டிரான்ஸ்பர் வாங்கிட்டு உன்கூட வர்றது?"