ஆறு காத்த அமைச்சர்

“அந்த ஆத்து ஃபைல்ல மட்டும் நீங்க கையெழுத்து போட்டீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

அமைச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கையில் பேனாவே இல்லை. பாதி ஷேவிங்கில் கன்னத்து நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

“யாருடி இப்ப கையெழுத்து போடப் போறா? மெதுவா பேசு. ஹால்ல பத்திரிகைக்காரங்க உக்காந்திருக்காங்க.”

“உக்காரட்டும், கேக்கட்டும்! எம் பொண்ணு வாழ்க்கை எனக்குப் பெருசு. உங்களுக்கு ஆறு பெருசா?”

ஆறு பெரிது என்று அவர் என்றைக்குமே நினைத்ததில்லை. காடும் ஆறும் அவர் துறைதான். காட்டை விமானத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஆற்றை அலுவலகக் காலண்டரில் பார்த்திருக்கிறார். அதுவும் ஏதோ வெளிநாட்டு ஆறு.

ஃபைலில் இருந்த ஆறு நிஜமானது. காட்டில் பிறந்து கடலில் சேரும் வரை ஓர் அணையோ ஆலையோ தொடாத ஆறு. கரையில் நீர்நாய்கள் குட்டிகளோடு வெயில் காய்கின்றனவாம். அதையும் இரு கரைக் காட்டையும் யாரும் தொடக்கூடாது என்று ஓர் ஆணை தயாராகி, கையெழுத்துக்காக இந்த வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. தயாரித்த பொறியாளர், ஆற்றில் நீர் அளக்கிறவர், “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டு வந்து வந்து காத்திருந்ததில், ஹால் நாற்காலி ஒன்று அவர் முதுகுக்கு ஏற்றபடி வளைந்தே விட்டது. அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பது எப்போதும் அமைச்சர் மகள்தான்.

ஆணை எப்படி நகரும்? அந்த ஆற்றின் அருவிக்குப் பக்கத்தில்தான் ஒரு ஹோட்டல்காரர் பெரிய விடுதி கட்டப்போகிறார். அவர் மகனுக்குத்தான் அமைச்சர் மகளைப் பேசி முடித்திருக்கிறது. அமைச்சர் கணக்கில் விஷயம் அத்தோடு தீர்ந்தது.

“நான் போடவே போறதில்லடி, போதுமா?” என்றார்.

“எப்படிப் போடுவீங்க? நான் விட்டாத்தானே!”

இந்த இடத்தில் அமைச்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நான் ஒரு காரியமும் செஞ்சதில்ல’ என்பது அவர் எல்லா மேடையிலும் சொல்லும் வசனம். பொய்யே கலக்காத ஒரே வசனமும் அதுதான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று அவர் மனைவி, ஊருக்கெல்லாம் ‘அம்மா’, சொன்னார். இன்றும் அந்த வீடு கிளிப்பச்சை. தெருவில் வழி சொல்கிறவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அம்மா விடுவிடென்று போய் ஹால் கதவைத் திறந்தார்.

“எல்லாரும் எழுதிக்கோங்க. ஆத்து ஃபைல்ல இவர் கையெழுத்து விழாது. என்னைக் கேக்காம இவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்!”

கண்ணாடி போட்ட நிருபர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவர்கள் எல்லாம் இன்றைக்கு எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அமைச்சருக்குத் தெரியாது. கேமரா வந்தால் காரணம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நேராக நெஞ்சில் தைத்தது.

“யோவ் செக்ரட்டரி! எடுத்துட்டு வாய்யா அந்த ஃபைலை!”

“ஐயா, சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை...”

“இங்க அமைச்சர் யாரு? நானா, சம்பந்தியா, இவளா?”

ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஃபைலை உருவினார்கள். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அமைச்சர் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கேமராவுக்காகத் தூக்கியும் காட்டினார். நுரையைத் துடைக்க மறந்துவிட்டார்.

“ஐயோ, எம் பொண்ணு!” என்று அம்மா தரையில் உட்கார்ந்தார். வாசற்படியில் நின்ற மகள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

செய்தி வெளியான சூட்டோடு ஹோட்டல்காரர் போன் செய்தார். “உங்க பொண்ணை அந்த ஆத்துக்கே கட்டிக் கொடுங்க!”

கல்யாணம் நின்றது. அமைச்சர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் பேப்பரில் ‘மகளைவிட ஆறே பெரிது’ என்று படத்தோடு வந்ததும் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். பட்டம், பாராட்டு விழா, மாலை. ‘ஆறு காத்தவர்’ என்று வாசலில் பலகையே மாட்டிக்கொண்டார். அந்த ஆற்றில் இன்னும் கால் நனைத்தபாடில்லை.

நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணைக் கேட்டு அந்தப் பொறியாளர்தான் துணிந்து வந்தார்.

“தண்ணி அளக்கிறவனுக்கா எம் பொண்ணு? என் உசுரு இருக்கிற வரைக்கும் நடக்காது!” என்று அம்மா குதித்தார்.

அப்புறம் என்ன? அமைச்சர் அன்றைக்கே தேதி குறித்தார்.

கல்யாணத்தன்று கண்ணாடி நிருபரும் சாப்பிட வந்திருந்தார். அமைச்சர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு நீங்க மட்டும் ஹால்ல இல்லேன்னா, தம்பி, நாட்டுக்கே தெரியாமப் போயிருக்கும். சரியா அந்த நேரத்துக்கு எப்படிய்யா வந்தீங்க? யாரு சொன்னது?”

“அம்மாதான் சார் போன் பண்ணினாங்க. ‘நான் கத்துவேன், அவர் கையெழுத்து போடுவாரு, கேமராவைத் தயாரா வச்சுக்கோங்க’ன்னாங்க. இன்னைக்குக் கல்யாணத்துக்கும் அவங்கதான் சார் கூப்பிட்டாங்க, நீங்க தேதி குறிக்கிறதுக்கு முந்தின நாளே.”

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். ஆற்றங்கரைக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோகும் மகளையும் மருமகனையும் வண்டியில் ஏற்றிவிட்டு, முதல் கல்யாணம் நின்றதிலிருந்து அழுது தீர்த்த அம்மா வாய் நிறையச் சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தார்.