கம்ப்யூட்டர் அக்கா

“மூணாங்கிளாஸ் வந்தும் இவ இங்க வாயே திறக்கலைம்மா. இனிமே வேற பள்ளிக்கூடம்தான் பாக்கணும்,” என்றார் தலைமையாசிரியை.

“வீட்டுல ஓயாம பேசுறா மேடம். இங்க எல்லாரும் தன்னையே பாக்குற மாதிரி பயமாம்,” என்று கெஞ்சினாள் அம்மா. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து ஒன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் ஆரம்பமானது; அதிலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஏழு மீன் இருந்துச்சு. மூணு நீந்திப் போயிடுச்சு. மீதி எத்தனை?”

“கேட்டீங்களா?” என்றார் தலைமையாசிரியை. “ ஒண்ணாங்கிளாஸ் வாண்டுங்க இந்தக் கம்ப்யூட்டர் அக்கான்னா உயிரை விடுதுங்க. நாங்க கத்தினா அடங்காததுங்க, இந்தக் குரலுக்குப் பெட்டிப்பாம்பா அடங்குதுங்க. எந்தக் கம்பெனி செஞ்சதோ!”

அம்மா எழுந்தே விட்டாள். “கம்பெனியா? மேடம், இது என் பொண்ணு குரலாச்சே!”

“என்னம்மா உளர்றீங்க?”

சத்தம் கேட்டு வந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியை வாசலில் தயங்கினார். “நிஜம்தான் மேடம். இடைவேளையில தனியா உக்காந்து இவதான் பேசிப் பதிவு பண்றா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எழுதிக் காட்டினா. கம்ப்யூட்டர் முறைச்சுப் பாக்காதாம்.”

“தெரியலைன்னா பயப்படாதீங்க,” என்றது பக்கத்து வகுப்புக் குரல். “மெதுவா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.”

ஒரு நொடி அமைதி. பிறகு, “நாலு!” என்று வகுப்பே அதிர்ந்தது.

தலைமையாசிரியை மெல்ல அந்தச் சிறுமியின் முன் குனிந்தார்.

“வேற பள்ளிக்கூடமெல்லாம் வேண்டாம் கண்ணு. மெதுவா பேசு. நானும் காத்திருக்கேன்.”