வான்மதியின் கலன்

சிறுமி வான்மதி உயிர்வாழத் தேவையான, மாற்றியமைக்கப்பட்ட அமினோ அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து மருந்தாக ஆக்கித் தந்த பாக்டீரியாக்கள், அவளுக்கென்றே உருவாக்கப்பட்டு, வீட்டிலிருந்த ஒரு கலனில் வளர்க்கப்பட்டவை. சென்ற வாரம் அவள் காய்ச்சலில் மறைந்தாள். அவற்றை அழிப்பதற்காக, மருத்துவமனை ஊழியனான நான் அவளது இல்லத்திற்குச் சென்றிருந்தேன்.

“மன்னிச்சுக்கங்கம்மா. கலனோட கொதிக்க வெச்சிடணும், விதி அப்படி,” என்றேன்.

“அதுக என்னங்க பண்ணுச்சு, பாவம். பசியோட அனுப்பாதீங்க தம்பி,” என்றார் அவளது தாயார்.

கலனைக் கொதிக்க வைக்கும் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவர் கலனுக்குள் இரண்டு கரண்டி சர்க்கரை இட்டார். நாங்கள் காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து, கலனின் அடிக்குழாயில் மருந்து சொட்டத் தொடங்கியது.

தாயார் பழக்கத்தில் டம்ளரை ஏந்திப் பிடித்தார். பிறகு உள்ளறையை நோக்கித் திரும்பி, “வானு, மருந்து குடிக்க வா கண்ணு,” என்று அழைத்துவிட்டார்.