மார்க்கெட் நாற்றம்

விருதுநகருக்கு ஊர் பார்க்க வந்த ஆர்த்தி, கூரை போட்ட அந்தப் பழைய காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் கடை முன்னால் அவளால் பொறுக்கவே முடியவில்லை. "ச்சீ! அழுகினதை எல்லாமா விக்கிறீங்க?" என்று கத்தினாள்.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"எங்க தோட்டத்துல காலைல பறிச்சதும்மா! நீங்களே பாருங்க!" பேச்சியம்மாள் பதறிப்போய்க் கத்தரிக்காய்க் கூடையைத் தரையில் கொட்டினாள். ஒரு சொத்தைகூட இல்லை.

"எனக்குக் குமட்டுது."

"அடடா, இத மோந்து பாருங்க, சரியாயிரும்" என்று ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

வாயைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாமென்று ஆர்த்தி தோள்பையைத் திறந்தாள். முந்தாநாள் ரயிலில் சாப்பிட வைத்திருந்த அவித்த முட்டைகள் அழுகி நசுங்கி, கொழகொழவென்று நாறி வழிந்துகொண்டிருந்தன.

சட்டென்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

பேச்சியம்மாள் வெண்டைக்காய்க் கூடையையும் கவிழ்த்து அழுகின காயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இனிமேலாவது சுத்தமா வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆர்த்தி நடந்தாள்.