உல்ரிக்காவின் முதல் சிவப்பு அட்டை

பந்து நிலக்சியின் காலில் இருந்தது. முன்னால் கோல்காப்பாளர் மட்டும்.

ஆட்டம் முடிய இன்னும் இரண்டு நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. டென்மார்க்கின் பிராண்டேயில் காலையிலிருந்து விடாத மழை.

எல்லைக்கோட்டுக்கு வெளியே குடையும் கையுமாக அப்பா கனகசபை நின்றார். மகள் ஐந்து வருடமாக விளையாடுகிறாள். இன்றுதான் பார்க்க வந்திருக்கிறார்.

"ஒருக்கா வந்து பாக்கிறன். எனக்குச் சரியில்லை எண்டு பட்டால் இண்டையோடை நிப்பாட்டு" என்று காரிலேயே சொல்லிவிட்டார்.

பத்தொன்பது வயதுப் பெண் நாலு பேர் பார்க்க ஓடித்திரிவது அவருக்குச் சரியில்லை என்று பட எவ்வளவு நேரம் ஆகும்?

கோல் போட்டதும் அப்பாவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சட்டையில் எழுதியிருக்கும் அவருடைய பெயரைப் பெருவிரலால் சுட்ட வேண்டும். முருகா, இந்த ஒன்று மட்டும்.

பின்னால் மூச்சு இரைத்தது. எதிரணியின் உல்ரிக்கா.

ஜேர்மன் லீக்கில் பதினேழு வருடம் பின்வரிசையில் நின்று ஓய்வுபெற்றவள். ஓல்போர்க்கில் கல்யாணம் முடித்து, அங்கத்தைய சின்னக் கழகத்துக்கு ஆசைக்கு ஆடிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காதவள் என்று பத்திரிகைகள் எழுதும். இன்றோடு அந்த ஆசை ஆட்டத்துக்கும் முழுக்குப் போடுகிறாள். பிரியாவிடைக்குப் பூங்கொத்துக்கூடத் தயாராக இருந்தது.

எட்டி நிலக்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இருவரும் சேற்றில் விழுந்தார்கள். விழுந்த பிறகும் அவள் விடவில்லை. கட்டிப்பிடித்து, அந்தக் குழம்பிய சேற்றில் நிலக்சியை இரண்டு தரம் புரட்டினாள்.

மைதானமே ஊளையிட்டது. யாரோ பியர்க் கோப்பையை எறிந்தார்கள். நிலக்சி அவளை உதறித் தள்ளிவிட்டு, டெனிஷில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள்.

நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார். உல்ரிக்கா ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவளுடைய அணிப் பெண்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூங்கொத்தை யாரும் எடுத்து வரவில்லை.

ஃப்ரீ கிக் கம்பத்துக்கு வெளியே போனது. ஆட்டம் முடிந்தது.

உடைமாற்றும் அறைக் கதவுக்கு வெளியே அப்பா இன்னும் ஆறவில்லை.

"எருமை மாடு! பின்னாலை வந்தெல்லோ விழுத்துறாள், வெக்கம் கெட்டவள்! பிள்ளை, அடுத்த கிழமை எத்தினை மணிக்கு மாட்ச்? நானும் வாறன். ஆர் உன்னிலை கை வைக்கினம் எண்டு பாப்பம்!"

உள்ளே நிலக்சி ஆத்திரம் தீராமலே வெள்ளைக் காற்சட்டையைக் கழற்றிக் குழாயின் கீழ் பிடித்தாள்.

சேறு கரைந்து ஓடியது. பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படிந்திருந்த இரத்தம் போகவில்லை.

அவளுக்கு எங்கும் அடிபட்டிருக்கவில்லை. மாதவிலக்குத்தான் இந்த முறை இரண்டு நாள் முந்தி வந்திருந்தது.

அந்த ஓட்டத்தில் அவளுக்குப் பின்னால் வந்தவள் உல்ரிக்கா ஒருத்திதான்.