பல்லடத்தில் ஏறியவள்

“என் பையனை உட்டுருன்னு ஹிந்தில எப்படிச் சொல்றது கண்ணு? பனியன் கம்பெனிக்குப் போறவங்களுக்கெல்லாம் ஹிந்தி வருமாமே.”

“மரியாதையாச் சொல்லோணுமுங்களா, அதட்டிச் சொல்லோணுமுங்களா?”

“மொதல்ல மரியாதையா. கேக்கலைன்னா அதட்டி.”

பல்லடத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்துவிட்டாள். தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டடத்திலிருந்து அவள் தனியாக பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கும் ஒரே மகன் சுரேந்தர், ஒரு வடக்கத்திப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். ‘வந்து ஒருதடவை பாருங்கம்மா’ என்று கெஞ்சினான். பார்த்த கையோடு, அவள் பாஷையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் கிளம்பியிருந்தாள்.

“எங்க தோட்டத்துல வேலை செய்யற வடக்கத்திப் பையன்கிட்ட மூணு நாளாப் படிச்சேன். பஸ் ஏறினதும் மறந்து தொலைஞ்சுது.”

“அந்தப் பொண்ணுக்கு எந்த ஊருங்க?”

“ஒடிசாவாம்.”

“அப்ப ஹிந்தி ஆகாதுங்க. ஒடியா பேசோணும்.”

“அடக் கெரகமே! மூணு நாளும் வேற பாஷையவா படிச்சேன்?”

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள், மறந்துபோன ஏதோ ஒரு பெயரை யோசிப்பவை போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தெய்வாத்தாள் பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் கொட்டினாள். மறுப்புச் சொல்லாமல் அவள் உரித்துத் தின்றாள்.

“அந்தப் பொண்ணு மேல என்னங்க கொறை?”

“கொறை என்ன, நல்ல பொண்ணுதானாம். ஆனா நாளைக்கு ராத்திரியில எனக்கு ஒடம்பு சொகமில்லைன்னு வையி, ‘காச்சலடிக்குது கண்ணு, கொஞ்சம் வெந்நி வெச்சுக் குடு’ன்னா அவளுக்குப் புரியோணுமில்ல? ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க ஊமையாட்டம் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?”

கடலை உரித்த விரல்கள் நின்றன. “அது நியாயந்தானுங்க.”

“நீ பேசறது எத்தனை எதமா இருக்குது! நம்ம சாதிசனமாட்டந் தெரியுது, எந்தக் கூட்டம் கண்ணு நீ?”

“நிக்கறதுக்கு எடமில்லாத பஸ் கூட்டமுங்க.”

“வாய்க்காரி!” தெய்வாத்தாள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் போன பல வருடங்களையும் சேர்த்து, அரை மணி நேரத்தில் பேசித் தீர்த்துவிட்டதுபோல் இருந்தது.

திருப்பூர் வந்துவிட்டது. தெய்வாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எறங்கறதுக்குள்ள அந்த ஒடியாவுல மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ, சாமி.”

“அவளுக்குத் தமிழே போதுமுங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

அந்தப் பெண் எழுந்து தெய்வாத்தாளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சற்றுமுன் இருந்த துடுக்கு அவள் குரலில் இல்லை.

“இந்த பஸ்லதான் வர்றீங்கன்னு சுரேந்தர் சொன்னாருங்க. அதான் பல்லடத்துக்கே வந்து ஏறிட்டேன். ரெண்டு வயசுல எங்கப்பாவோட முதலிபாளையத்துக்கு வந்தவ நான். ஒடியாவுல திட்டினீங்கன்னா எனக்கே பாதி புரியாது. எங்கம்மா விடியக்காலையில இருந்து காப்பிக்குப் பால் காச்சிட்டு நிக்கறாங்க. ஊட்டுக்கு வந்து ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் திட்டறீங்களா, அத்தை?”